ரேடியோ தூங்கும் நேரம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நேரம்தான் உலகத்திலேயே எனக்குப் பிடித்த நேரம். அந்த நேரத்தில் யாராவது வகுப்பு வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மருத்துவக் கல்லூரி ஹாஸ்டல் மாடியில் எங்கள் அறையின் திரைச்சீலை காற்றில் உப்பி உள்ளே வரும், கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி ஜன்னலோடு ஒட்டிக்கொள்ளும். வராந்தாக் கொடியில் துவைத்துப் போட்ட வெள்ளைக் கோட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டும். மெஸ்ஸில் தட்டு கழுவும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். அப்போது ரேடியோ தூங்குவாள்.

ரேடியோ என் அறைத்தோழி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கிறவரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண் விழித்த நொடியிலிருந்து பேசுவாள். பல் துலக்கிக்கொண்டே பேசுவாள், அது யாருக்கும் புரியாது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது. படிப்பதும் சத்தம் போட்டுத்தான். மல்லாந்து படுத்து, தலையணை கனமுள்ள புத்தகத்தை நெஞ்சின்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு, கல்லீரலைப் பற்றி ஒரு வரியும் மெஸ்ஸில் போட்ட வேகாத உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வரியுமாகக் கலந்து வாசிப்பாள். கல்லீரல் தேர்வில் நான் எழுதிய விடையில் உருளைக்கிழங்கு வராமல் போனது என் அதிர்ஷ்டம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தையின் நடுவில் குரல் நின்றுவிடும். தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். உடனே நான் என் கட்டிலை விட்டு இறங்கி, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஸ்டெத்தைக் காதில் மாட்டிக்கொள்வேன். புத்தகம் நெஞ்சு முழுக்க ஆக்கிரமித்துக் கிடக்கும். எனக்கு மிச்சமிருப்பது இடது காறை எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகல இடம்தான். அங்கே வைத்துக் கேட்பேன்.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அவளே கொடுத்த அனுமதி. "முழிச்சிருக்கும்போது வெச்சேன்னா கூச்சத்துல எட்டி ஒதச்சிடுவேன். தூங்கும்போது என்ன வேணா பண்ணிக்கோ" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். உண்மையாகவே உதைப்பாள். வகுப்பில் ஒருவரை ஒருவர் பரிசோதித்துப் பழகியபோது அவள் நெஞ்சில் ஸ்டெத்தை வைக்கப் போன பெண் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். அதற்குப் பிறகு அவளைச் சீண்ட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கல்லூரியில் சேர்ந்தபோது நடந்த உடல் பரிசோதனையிலும், வரிசையில் நின்ற எங்கள் எல்லோரையும் சட்டைக்கு மேலேயே தொட்டும் தொடாமலும் பார்த்து அனுப்பினார்கள். அங்கேயும் அவள் டாக்டரிடம் பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

ஆகவே, தூங்கும் ரேடியோவைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! இரண்டு துடிப்புகள், அவற்றுக்குப் பின்னால் ஓயாமல் ஒரு மெல்லிய இரைச்சல். துடிப்போடு சேர்ந்து ஏறும், பிறகு தணியும், ஆனால் நிற்காது. தூரத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, எந்த ஸ்டேஷனிலும் அது நிற்கப் போவதில்லை. கேட்கக் கேட்க எனக்குக் கண் சொருகும். பல நாட்கள் ஸ்டெத் காதிலேயே இருக்க, கட்டில் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருக்கிறேன். மனித இதயம் எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

புத்தகத்தில் 'லப்-டப்' என்று மட்டும்தான் போட்டிருக்கும். புத்தகத்தில் நரம்பு மஞ்சள், ரத்தக்குழாய் சிவப்பு, நீலம் என்றுகூடத்தான் போட்டிருக்கும். அறுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. அதனால் புத்தகத்தை நான் அளவோடுதான் நம்புவேன்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி கிட்டார் வாசிப்பாள், ஒருத்தி விடியும் முன் ஓடுவாள், பாதிப் பேர் பூப்பந்து ஆடுவார்கள். ரேடியோவின் பொழுதுபோக்கு முடிச்சுப் போடுவது. அறுவை சிகிச்சை முடிச்சு பழக வேண்டுமே என்று நாற்காலிக் கால், ஜன்னல் கம்பி, என் ஜடை, எதையும் விட்டுவைக்க மாட்டாள். காலையில் எழுந்தால் என் செருப்புகள் இரண்டும் ஒன்றோடொன்று கட்டிக் கிடக்கும். என் பொழுதுபோக்கு கேட்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு ஹாஸ்டலைச் சுற்றி வருவேன். தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ இருமுவார்கள். மரத்தில் வைத்தால் கிளை ஒன்று எங்கோ உரசுவது தண்டுக்குள் கேட்கும். மெஸ்ஸின் குளிர்பதனப் பெட்டிக்கு மூச்சுத் திணறல். வார்டனின் பூனை மட்டும் வைக்க விடாது. என் நெஞ்சிலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். மொண்ணையாக, வெறிச்சென்று, ரசமே இல்லாமல் கேட்டது. நான் சுறுசுறுப்பில்லாத ஜன்மம், இதயமும் என்னைப் போலவே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"தூங்குமூஞ்சி, சுவத்துக்கெல்லாம் காய்ச்சல் பாத்தாச்சா?" என்பாள் ரேடியோ. மதியம் தூங்குகிறவள் அவள். தூங்குமூஞ்சி என்ற பட்டம் எனக்கு. நியாயம் எங்கே இருக்கிறது?

வீட்டில் அம்மா தையல்காரி. மெஷினை மிதித்துக்கொண்டேதான் போன் பேசுவாள். எந்நேரமும் அந்தக் கடகடப்பு பின்னால் ஓடும்.

"பெரியப்பாவுக்கு ரெண்டு நாளா விக்கல் நிக்கல. என்ன மாத்திரை குடுக்கலாம்?"

"அம்மா, நான் மூணாவது வருஷம்தான் படிக்கிறேன்."

"மூணு வருஷமா விக்கலுக்குக்கூட ஒண்ணும் சொல்லிக்குடுக்கலயா? என்னதான் நடத்துறாங்க அங்க?"

நடுவில் அண்ணன் போனைப் பிடுங்குவான். "டாக்டரம்மா, ஊசி போடும்போது தூங்கிடாத. ஊசி உனக்கே குத்திக்கும்." அம்மா அவனைத் திட்டுவாள், மெஷின் மட்டும் நிற்காது.

மூன்றாம் வருடம்தான் எங்களை வார்டுக்குள் விட்டார்கள். அங்கே முதலில் கற்றுக்கொண்டது தலையாட்டுவது. ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்போம். பேராசிரியர் நோயாளியின் நெஞ்சில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க ஒரு மர்மர் இருக்கு, கேளுங்க" என்பார். மர்மர் என்றால் இதயத் துடிப்போடு சேர்ந்து வரும் முணுமுணுப்பு. ரத்தம் போகக் கூடாத வழியிலோ நெருக்கடியான வழியிலோ போகும்போது வருவது. ஒவ்வொருவராகக் குனிந்து கேட்போம். "கேட்டுச்சா?" "கேட்டுச்சு மேடம்." எல்லோரும் தலையாட்டுவோம். பாதிப் பேருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்கு எல்லாமே கேட்கும், ஆனால் வித்தியாசமாக எதுவும் தெரியாது. நல்ல இதயமாகத்தானே இருக்கிறது, இதற்கு எதற்கு இவ்வளவு கூட்டம் என்று நினைத்தபடி நானும் தலையாட்டுவேன்.

எங்கள் பேராசிரியைக்குப் பூனை மேடம் என்று பெயர். நடந்தால் சத்தமே வராது. பின்னால் வந்து நிற்கும்போது பெப்பர்மிண்ட் வாசனை வரும். அப்போது திரும்பிப் பார்த்துப் பயனில்லை, நாம் பேசியதெல்லாம் கேட்டாகிவிட்டது.

அவர் வைத்த வார்டு தேர்வில் எனக்கு மூக்கு உடைந்தது. இரண்டு பேரைக் கேட்கச் சொன்னார். முதலாமவர் பள்ளி வேன் ஓட்டுநர். கேட்டேன், பிரமாதமாக இருந்தது. "நார்மல் மேடம்" என்றேன். இரண்டாமவர் ஒல்லியான இளைஞர். அவர் நெஞ்சில் எதையோ துடைத்து எடுத்துவிட்டதுபோல் வெறிச்சென்று கேட்டது. எனக்குப் பாவமாகிவிட்டது. "இவருக்கு ஏதோ பிரச்சினை மேடம். சத்தம் பாதிதான் வருது" என்றேன்.

வேன் ஓட்டுநருக்கு வால்வில் பெரிய கசிவு. இளைஞர் எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் இயக்குபவர். நாங்கள் ஏமாறுகிறோமா என்று பார்க்க மேடம் கூட்டிவந்து படுக்க வைத்திருந்தார். அவர் பயந்துபோய், "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு லிஃப்ட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எப்படி இருக்கேன் டாக்டர்?" என்பார். நான் படியேற ஆரம்பித்தேன்.

சிரித்தது போகட்டும். மேடம் சொன்னதுதான் பெரிய அடி. மறுதேர்விலும் தேறாவிட்டால் அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து இந்த வார்டை முதலிலிருந்து படிக்க வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் அறை பேட்ச் வாரியாகத்தான் தருவார்கள். பேட்ச் மாறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டடத்துக்குப் போக வேண்டியதுதான். ஆறு மாதம் வீணாவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தத் திரைச்சீலை, அந்த மதியம், அந்த ரயில் சத்தம், காது புளிக்கப் பேசும் இந்தப் பைத்தியம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகணுமே என்று அழுதேன்.

"அழுது என்ன ஆகப்போவுது? காதைப் பழக்கு" என்றாள் ரேடியோ. என்னைவிட அவளுக்குத்தான் ரோஷம். "நார்மல் எப்படி இருக்கும்னு மனசுல ஆணி அடிச்ச மாதிரி எறங்கணும். அப்பதான் அப்நார்மல் வந்தா டக்குனு தெரியும். என்னை எவ்வளவு வேணா கேட்டுக்கோ. இனிமே உனக்காகச் சாயங்காலமும் தூங்குறேன், போதுமா? இதைவிட ஒருத்தி என்ன தியாகம் பண்ண முடியும்?"

சொன்னபடியே தூங்கினாள். நானும் கண்ணும் கருத்துமாகக் கேட்டேன். கண்ணை மூடினால் அவள் இதயம் எனக்கு அடி பிசகாமல் வரும். குளிக்கும்போது வாய்க்குள் அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்ப்பேன். வார்டுக்குப் போகும் நடைபாதையில் என் கால்கள் அதற்குத் தகுந்தபடி நடக்கும். எதிரில் வந்தவர்கள் மேல் மோதித் திட்டு வாங்கினேன். ஆனால் மனசு லேசாக இருந்தது. இனி எந்தக் கொம்பனும் என்னை ஏமாற்ற முடியாது என்று திமிராகக்கூட இருந்தது.

மறுதேர்வு வார்டை ஒட்டிய சின்ன அறையில். மேடம், நான், கட்டிலில் ஒருவர். சுவருக்கு வண்ணம் அடிப்பவர். நகக்கண்களில் நீலம் ஒட்டியிருந்தது. ஜன்னல் வழியாக மதிய வெயில் விழுந்து அவர் போர்வையில் பாதியை மட்டும் பிடித்திருந்தது. ஸ்டெத்தை வைத்தேன். துடிப்பு. பின்னால் இரைச்சல். அப்பாடா, நல்ல இதயம். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"நார்மல் மேடம்."

மேடம் திட்டவில்லை. மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"நார்மல்னா எப்படி இருக்கும்?"

"அதாவது மேடம், ரெண்டு சத்தம்..."

"வெளக்க வேண்டாம்மா. வாயால செஞ்சு காட்டு."

இவ்வளவுதானா, இதற்காகத்தானே குளியலறையில் உயிரை விட்டேன்! கண்ணை மூடிக்கொண்டேன். "லப்... ஷ்ஷ்ஷூ... டப்... ஷ்ஷ்ஷூ..." நடுவில் ஏற வேண்டிய இடத்தில் ஏற்றி, தணிய வேண்டிய இடத்தில் தணித்து, எங்கும் நிற்காமல் செய்து காட்டினேன். நன்றாகவே வந்தது. வண்ணம் அடிப்பவர் ரசித்துத் தலையாட்டினார்.

கண்ணைத் திறந்தபோது மேடத்தின் வாயில் மிட்டாய் அசையவில்லை.

"இதை யார்கிட்ட கேட்டுப் பழகின?"

"எல்லார்கிட்டயும்..."

"ஒருத்தர்கிட்ட. இது ஒரு ஆளோட சத்தம். யாரு?"

"என் ரூம்மேட், மேடம்."

"எந்த எடத்துல வெச்சுக் கேப்ப?"

என் இடது காறை எலும்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். மேடம் என் கையிலிருந்த ஸ்டெத்தின் வட்டத்தை எடுத்து, அதே இடத்தில், என் நெஞ்சிலேயே வைத்தார். "கேளு."

லப். டப். லப். டப். வெறிச்சென்ற, மொண்ணையான, ரசமில்லாத என் இதயம்.

"இதாம்மா நார்மல்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது அறை, வெயில், நீல நகங்கள் எல்லாம் எங்கோ தள்ளிப் போயின. வேன் ஓட்டுநர், லிஃப்ட்காரர், தலையாட்டிய அத்தனை கட்டில்கள், எல்லாம் தலைகீழாகத் திரும்பி நின்றன. யார் நெஞ்சிலெல்லாம் ரேடியோவின் சத்தம் கேட்டதோ அவர்களை எல்லாம் நான் நலம் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஒன் காதுல ஒரு கொறையும் இல்ல" என்றார் மேடம். "மொதல்ல கேட்ட இதயம்தான் சரியில்ல. போ, அவளைக் கூட்டிட்டு வா. ஓடாத, நடந்தே போ."

ஓடினேன். லிஃப்ட்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து காத்திருந்தார். "நீங்க நல்லா இருக்கீங்க அண்ணா, ரொம்ப நல்லா இருக்கீங்க" என்று கத்திவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

ரேடியோ கட்டில் காலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸா?"

"எழுந்து வா. மேடம் உன்னைப் பாக்கணுமாம்."

"நான் என்னடி பண்ணேன்?"

"உனக்கு ஒரு மர்மர் இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? எங்கள் வகுப்பில் புத்தகத்தில் எந்தப் பாடம் நடக்கிறதோ அந்த நோய் அந்த வாரம் எங்களுக்கு வரும். நான் கொட்டாவி விட்டால் தைராய்டு என்பாள் அவள். அவள் முதுகில் இருந்த மச்சத்தைப் புற்றுநோய் என்று சொல்லி நான் நாள் குறித்திருக்கிறேன். மூளையில் கட்டி இல்லாதவர் எங்கள் தளத்தில் ஒருவரும் கிடையாது.

"போன மாசம் எனக்குக் குஷ்டம்னு சொன்ன. அது கொசுக்கடி. ஆளை விடு, எனக்குத் தூக்கம் வருது."

"படியேறினா உனக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"பேசிக்கிட்டே ஏறினா மூச்சு வாங்காம? நீ பேசாம ஏறுற, வாங்கல. பேசிப் பாரு."

"வாடி!" என்று கத்தினேன். நான் கத்தி அவள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. "வெளையாடல. ஒரு வருஷமா நான் உன்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தது நார்மல் இல்ல. ஒரு வருஷமா அதைக் கேட்டுக்கிட்டே பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கேன். எழுந்து வாடி."

என் முகத்தைப் பார்த்தாள். நூலைக் கீழே போட்டாள். மாடியிலிருந்து வார்டு வரை, கோட்டுகள் காயும் வராந்தா, படிகள், நடைபாதை, ஒரு வார்த்தை பேசவில்லை. கண் விழித்திருக்கும் ரேடியோ பேசாமல் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். அது எனக்குத் தாங்கவில்லை.

மேடம் தொட்டபோது அவள் உதைக்கவும் இல்லை. மேடம் வெகுநேரம் கேட்டார். பிறகு சாவகாசமாக, யாருக்கோ வீட்டுக்கு வழி சொல்வதுபோல் சொன்னார். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் தேவையில்லை. அதனால் ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறந்ததும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். இவளுக்கு மூடவில்லை. தாழ்ப்பாள் போடாத கதவுபோல் லேசாகத் திறந்தே கிடந்திருக்கிறது. இன்றைக்கு ஆபத்து இல்லை. ஆனால் விட்டுவிட்டால், வருடக்கணக்கில் கூடுதல் வேலை பார்த்தே இதயம் களைத்து வீங்கும். பிறகு எக்கோ ஸ்கேனில் பார்த்தபோது கொஞ்சம் வீங்க ஆரம்பித்துத்தான் இருந்தது. நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய டியூபை விட்டு அடைத்துவிடலாம்.

"சின்ன சத்தம்தான்" என்றார் மேடம். "இவ பேசுற பேச்சுல எனக்கே கேட்டிருக்காது."

ரேடியோவின் அம்மா வந்து இறங்கினாள். மகள் இந்தப் பேச்சை எங்கிருந்து கற்றாள் என்பது அன்று விளங்கியது. "சின்னதுல இருந்தே சளி புடிக்கும், ஓடினா மூச்சு வாங்கும். நாங்க என்னன்னு கண்டோம், வாய் ஓயாம பேசுறா, அதான் வாங்குதுன்னு இருந்துட்டோம்" என்று டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். கடைசியில் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நீதான் கண்டுபுடிச்சியாமே" என்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கண்டுபிடித்தேனா? அதைத் தாலாட்டாக வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "தெனமும் கேட்டேம்மா. தெனமும் கேட்டும் எனக்குத் தெரியல." ஏதோ குறைகிறதே என்று பார்த்தால், மெஷின் நின்றிருந்தது.

"தெனமும் நீ கேட்டதாலதானே அந்தம்மாவுக்கு அதைச் செஞ்சு காட்ட முடிஞ்சுது?" என்றாள் அம்மா. "அழாத. அந்தப் பொண்ணோட உயரம் என்ன சொல்லு. முன்பக்கம் பித்தான் வெச்சு தொளதொளன்னு ரெண்டு சட்டை தெச்சு அனுப்புறேன். ஆஸ்பத்திரியில குடுக்குறது ஒண்ணும் உருப்படியா இருக்காது."

குழாயை அடைப்பதற்கு முந்தின நாள் மதியம் ரேடியோவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அம்மா தைத்த சட்டையில் அவள் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். பித்தான் துவாரத்தில் நூலை விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெத்தின் காதுப் பக்கத்தை அவளிடம் நீட்டினேன்.

"ஒரு தடவை நீயும் கேட்டுக்கோ. நாளைக்கு இருக்காது."

"எனக்கு வேணாம். கேட்டா புடிச்சுப் போயிடும்" என்றாள். "நீ கேட்டு வெச்சுக்கோ. பத்திரமா வெச்சுக்கோ."

அன்று அவள் விழித்திருக்கும்போதே கேட்டேன். கூச்சத்தில் கால் விரல்களை மடக்கிக்கொண்டாள், ஆனால் உதைக்கவில்லை. ரயில் போய்க்கொண்டே இருந்தது. பயத்தில் கொஞ்சம் வேகமாகப் போனது.

மறுநாள் சிகிச்சை அறைக் கதவுக்கு வெளியே அவள் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு பேசும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கப்சிப்பென்று இருந்தாள். கதவு திறந்து டாக்டர் தலையாட்டியதும் மறுபடி ஆரம்பித்தாள். அவ்வளவு பேச்சையும் நான் மகிழ்ச்சியோடு கேட்டேன்.

நான் தேறிவிட்டேன். மேடம் மறுபடி கூப்பிட்டுக் கேட்கச் சொன்னபோது முதலில் என் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு நோயாளியிடம் போனேன். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அங்கே மறுபடி படுக்க வைத்திருந்த லிஃப்ட்காரருக்கு முதல் விடையாக "நார்மல்" என்று சொன்னபோது, அவர் கட்டிலிலிருந்தே எனக்குக் கை தட்டினார்.

ரேடியோ அறைக்குத் திரும்பிய மதியம். திரைச்சீலை உள்ளே வந்தது, போனது. கொடியில் கோட்டுகள் சொட்டின. அவள் புத்தகத்தை நெஞ்சில் நிறுத்தி, சிறுநீரகத்தையும் மெஸ் சூப்பையும் கலந்து வாசித்துக்கொண்டிருந்தாள், நடுவார்த்தையில் நின்றுவிட்டாள். நான் கொஞ்சநேரம் என் கட்டிலிலேயே இருந்தேன். பிறகு இறங்கி, தரையில் உட்கார்ந்து, அதே இடத்தில் வைத்தேன்.

லப். டப். லப். டப்.

வேறு ஒன்றுமே இல்லை. புத்தகத்தில் போட்டிருப்பது போலவே இருந்தது. வகுப்பில் யார் நெஞ்சில் வைத்தாலும் கேட்கும் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனாலும் அழுதேன்.

"என்ன கேக்குது?" ரேடியோ கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல."

"நல்லதுதானே? அப்புறம் ஏன்டி சட்டையை நனைக்கிற?"

"ரயில் போயிடுச்சு."

அவள் புத்தகத்தை எடுத்துக் கீழே வைத்தாள். "இருபது வருஷம் எனக்குள்ள ஓடியிருக்கு, நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல" என்றாள். "எப்படி இருந்துச்சு? செஞ்சு காட்டேன்."

ஸ்டெத்தைக் காதிலிருந்து எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் துடிப்பு எனக்குக் கேட்டது. அதற்கு மேலே, போய்விட்டதை நான் வாயால் போட்டேன். லப்... ஷ்ஷ்ஷூ... டப்... ஷ்ஷ்ஷூ... ஏற வேண்டிய இடத்தில் ஏறி, தணிய வேண்டிய இடத்தில் தணிந்து, எங்கும் நிற்காமல்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். "இவ்வளவு அழகா இருந்தா நீ எப்படிக் கண்டு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, அந்த வார்த்தை முடிவதற்குள் தூங்கிப் போனாள்.